தையல் வெளியே இருக்கட்டும்

அந்த அக்கா முதல் முறை துணி தைக்கக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியோடும், இடுப்பில் ஒரு பெண் பிள்ளையோடும் வந்தார். பிள்ளைக்கு ஐந்து வயதிருக்கும். இடுப்பில் தூக்கும் வயதில்லை. இறக்கிவிட்டால் என் தையல் மெஷினை நோக்கி ஓடிவிடுவாள் என்பதால் தூக்கி வந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

கவுன் தைக்க வேண்டும் என்றார். நான் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கிட்டே போனதும் பிள்ளை உடம்பை வில்லாக வளைத்து அலறிவிட்டாள். நான் பின்வாங்கினேன். அக்கா பதறவில்லை. தன் சாணாலும் விரலாலும் பிள்ளையின் தோளையும் முதுகையும் அளந்து எனக்குச் சொன்னார். நான் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, தையல வெளிப்பக்கமா வச்சுத் தையி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"உள்ள தையல் இருந்தா இவளுக்கு அறுக்கும். போட்ட நிமிசத்துல கழட்டி எறிஞ்சிருவா. அதனால தையல் வெளிய இருக்கட்டும்."

"பாக்க நல்லா இருக்காதேக்கா. உடுப்பத் திருப்பிப் போட்ட மாதிரில்ல தெரியும்?"

"பாக்குறவக கண்ணுலதான உறுத்தும்? உறுத்தட்டும். பிள்ள உடம்புல உறுத்த வேணாம்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பேனா, முகம் சுளிப்பேனா என்று பார்க்கிற பார்வை அது. நான் சரி என்று தலையாட்டியதும்தான் துணியைக் கையிலிருந்து விட்டார்.

என் கணவருக்கு மின்வாரியத்தில் லைன்மேன் வேலை. உத்தமபாளையம் பக்கம் மாற்றலாகிப் போய், மாதா கோயில் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். தெரு முழுக்க கிறிஸ்தவக் குடும்பங்கள். நாங்கள் மட்டும் திண்டுக்கல்லிலிருந்து வந்த வேறு ஆட்கள். அக்காவின் வீடு எதிர் வீடு. கணவர் வாழைக்காய் லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு லாரி ஓட்டுபவர், வீட்டில் இருப்பதே அபூர்வம். அக்கா திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போவார். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவுக்கு அவர் ஜெனி அம்மா, எனக்கு அக்கா.

அவரைப் பற்றி எனக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு புகார்தான். மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது ஜெனி முன்னும் பின்னும் ஆடியபடி 'ஈ' என்று இழுத்துக்கொண்டிருந்தாளாம். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்னால் கதவோரமாக உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"எதுக்குங்க? இங்கன இருந்தாத்தான் அவளுக்கு மெழுகுவத்தி தெரியும்."

"பூசைக்குத் தொந்தரவா இருக்குல்ல."

"யாருக்கு, உள்ள இருக்கவருக்கா?" என்று பீடத்தில் ஏசு இருக்கிற நற்கருணைப் பேழையைக் காட்டியிருக்கிறார் அக்கா. "அவருக்குத் தொந்தரவுன்னா அவரு சொல்லட்டும். எந்திரிச்சுப் போறேன்."

கோயில்பிள்ளை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டாராம். இதை என்னிடம் சொன்ன பெண் கோபமாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

'ஓரமா' என்ற சொல் அக்காவுக்கு ஆகாது. பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் யாராவது ஒருவர், "பிள்ளைய வச்சுக்கிட்டு ஓரமா நில்லும்மா" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அக்கா நகர மாட்டார். வேண்டுமென்றே ஒரு எட்டு நடுவில் வந்து நிற்பார்.

ஜெனி பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனவர். விடியும் முன் ஜீப் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு மலையேறிக் கேரள எல்லை தாண்டிப் போகும், பொழுது சாயக் கொண்டுவந்து விடும். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அவளையும் ஜீப்பில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் பிள்ளை வீரிட்டிருக்கிறாள். கூட வந்த பெண்கள் கொஞ்ச நாள் பொறுத்தார்கள். பிறகு டிரைவரிடம் சொல்ல, அவன் அக்காவிடம் வந்து, நாளையிலிருந்து பிள்ளையோடு வர வேண்டாம் என்றான்.

"நீ ஹாரன் அடிக்காம ஓட்டு. அவ கத்த மாட்டா" என்றாராம் அக்கா.

"வளைவுல ஹாரன் அடிக்காம எப்படிக்கா ஓட்டுறது?"

"கத்தாம எப்படி இருக்கிறதுன்னு அவளுக்கும் தெரியல."

அந்த வேலை போய்விட்டது. திராட்சைத் தோட்டத்துக்குப் போகத் தொடங்கியது அதன் பிறகுதான். கொடிப் பந்தலுக்குக் கீழே குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் இருக்கும். ஜெனி உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, ஒன்றை ஒன்று தொடாதபடி நீளமாக வரிசை வைத்துக்கொண்டே போவாளாம். யாராவது மிதித்துவிட்டால் மட்டும்தான் பிரச்சினை. தோட்டக்காரரே சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார் என்று அக்கா பெருமையாகச் சொல்வார்.

மதுரையில் ஒரு டாக்டர் பார்த்து, பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சொல்லியிருந்தார். மற்ற வீடுகளில் இப்படி ஒன்று என்றால் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அக்கா அந்தச் சொல்லைத் தெருவில் நின்று சத்தமாகச் சொல்வார். "ஜெனி கொஞ்சம் ஒரு மாதிரில்ல" என்று யாராவது இழுத்தால், "ஒரு மாதிரின்னா என்ன மாதிரி? பேர் இருக்குல்ல? ஆட்டிசம். எங்க, சொல்லுங்க பாப்போம்" என்பார். என் வீட்டுக்கு ஜாக்கெட் தைக்க வருகிற பெண்களெல்லாம் அவரால் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். சிலர் பயத்தில் கற்றுக்கொண்டார்கள்.

ஒருநாள் வாழைப்பழம் விற்கிற அம்மா ஜெனியின் தலையைத் தடவி, "பாவம்" என்று சொல்லி ஒரு பழத்தை நீட்டினார். அக்கா பழத்தை வாங்கித் திரும்பக் கூடையில் வைத்துவிட்டு, "போன சனிக்கிழமதான் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேன். எங்க வீட்ல பாவம் எதுவும் பாக்கி இல்ல" என்றார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. நல்ல மனுசி அவர். எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்காவோடு கடைவீதிக்குப் போக எனக்கே சில நாள் பயம்தான். எந்த இடத்தில் யாரோடு மல்லுக்கு நிற்பாரோ, யார் கண்டது.

ஆனால் ஜெனியிடம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எது வந்தாலும் வருவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுவார். "ஆத்தா, இப்ப பஸ் வரும். பெருசா ஹாரன் அடிக்கும். நீ காதப் பொத்திக்க. அப்புறம் போயிரும்." ஜெனி அவரைப் பார்க்கவே மாட்டாள். எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் பஸ் வரும்போது கைகள் காதுக்குப் போயிருக்கும். அவளாகப் பேசுகிற சொற்கள் குறைவு. மைக் கட்டிய ஆட்டோவில் உப்பு விற்றுக்கொண்டு போகிறவரின் அறிவிப்பை மட்டும் அதே ராகத்தில், ஒரு எழுத்து விடாமல் முழுக்கச் சொல்வாள்.

ஒரு மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனார். ஜெனி இரவெல்லாம் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. ஜெனியோ என் மெஷின் சக்கரத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். சக்கரம் சுற்றினால் அவள் அசையாமல் பார்ப்பாள், நின்றால் சிணுங்குவாள். அன்று தைக்க வேண்டிய துணியெல்லாம் தைத்து முடித்த பிறகும், ஊசியில் நூல் இல்லாமல் சும்மா மிதித்துக்கொண்டே இருந்தேன். வெயில் தாழ்ந்த பிறகுதான் அக்கா கண் விழித்தார். நான் வெறும் மெஷினை மிதிப்பதைப் பார்த்தார். எழுந்து போய், கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு காப்பி கொண்டுவந்து வைத்தார்.

மாதா கோயில் திருநாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி நாள் மாலையில் மாதாவைச் சப்பரத்தில் வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள். முன்னால் பேண்டு செட்டு போகும். அதற்குப் பின்னால் சம்மனசு வரிசை. சின்னப் பெண் பிள்ளைகள் தேவதூதர்களாக வெள்ளை உடுப்பும் ஜிகினா இறக்கையும் கட்டிக்கொண்டு, பூவைத் தூவியபடி நடப்பார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் எறிவார்கள். முச்சந்தி வந்தால் சரவெடி.

நாங்கள் அந்த ஊருக்குப் போன முதல் வருசம் அந்தச் சரவெடிதான் வினையாகிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்த ஜெனி, வெடித்ததும் கையை உதறிக்கொண்டு ஓடினாள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் சப்பரம் தூக்கி வந்தவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்துவிட்டாள். முன்தண்டு பிடித்தவர் தடுமாறி முட்டி பெயர விழுந்தார். சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பத்து இருபது கைகள் தாங்கிப் பிடித்ததால் மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்குக் கண்ணாடி ஒன்று மட்டும் உடைந்தது. அந்த வருசம் மழை பிந்தியதற்கும், யாரோ ஒருவரின் மோட்டார் எரிந்ததற்கும் அதுதான் காரணம் என்று பேசினார்கள்.

அடுத்த திருநாள் நெருங்கியபோது சம்மனசு வரிசைக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிக் கோயிலில் அறிவித்தார்கள். அக்கா ஜெனியின் பெயரைக் கொடுத்துவிட்டு, நேராக என்னிடம் வெள்ளைத் துணியோடு வந்தார்.

மறுநாள் திருநாள் கமிட்டித் தலைவர் அக்கா வீட்டுக்கு வந்தார். அவருக்கு அக்கா தூரத்து உறவில் மருமகள் முறை. நான் என் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"ஆத்தா, போன வருசம் நடந்தத நீ மறந்திருக்க மாட்ட."

"மறக்கல மாமா."

"ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாக. சப்பரம் சாஞ்சா ஊருக்கு ஆகாதுங்கிறாக. இந்த வருசம் மட்டும் பிள்ளைய வீட்லயே வச்சுக்க."

"வீட்லயே வச்சுக்கிறதுக்கு அவ என்ன பீரோவா மாமா?"

"ஏத்தா, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மாடியில நின்னு பாக்கட்டும். நல்லாத் தெரியும்."

"பாக்கிறதுக்கு நான் பேரு குடுக்கல. நடக்கிறதுக்குக் குடுத்திருக்கேன்."

தலைவர் எழுந்துகொண்டே சொன்னார்: "சரி. சம்மனசுன்னா சம்மனசு மாதிரி வரணும். உடுப்பு, இறக்கை எல்லாம் ஒழுங்காப் போட்டு வந்து நிக்கட்டும். இறக்கை இல்லாம வரிசையில விட மாட்டேன். அம்புட்டுத்தான்."

முதுகில் எதைக் கட்டினாலும் ஜெனி தாங்க மாட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். பள்ளிக்கூடப் பையை அவள் எத்தனையோ முறை சாக்கடையில் எறிந்திருக்கிறாள். அவருக்கும் அது தெரிந்துதான் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலத்திலிருந்து அக்கா ஜெனியைக் கூட்டிக்கொண்டு சப்பரம் போகும் வழியெல்லாம் நடக்க ஆரம்பித்தார். கோயில் வாசலிலிருந்து கிளம்பி, தண்ணித் தொட்டி, பால் சொசைட்டி, முச்சந்தி, பிள்ளையார் கோயில் தெரு, திரும்பக் கோயில். முதலில் சும்மா நடந்தார்கள். பிறகு என் போனில் பேண்டு சத்தத்தைப் பிடித்துத் தரச் சொல்லி, அதை மெதுவாக வைத்துக்கொண்டு நடந்தார்கள். நாளாக ஆகச் சத்தத்தைக் கூட்டினார். மர அறுவை மில்லில் வேலை செய்கிறவர்கள் காதில் மாட்டிக்கொள்வார்களே, நீல நிறத்தில் இரண்டு கிண்ணம் கவிழ்த்த மாதிரி, அதில் ஒன்றை அவர் கணவர் யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார். முதுகில் எதையும் தாங்காத ஜெனி அதைக் கழற்றவே மாட்டேன் என்றாள். தூங்கும்போதும் அதுதான். சப்பரம் நிறுத்தி வைத்திருந்த கொட்டகைக்கும் கூட்டிப் போய்த் தண்டுகளைத் தொட்டுப் பார்க்க வைத்தார்.

வெடி போடுகிற பையன்களிடமும் போய்க் கேட்டார். வெடியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சப்பரம் முச்சந்தியைத் தாண்டிய பிறகு பின்னால் போடுங்கள் என்றுதான் கேட்டார். "வெடிச்சுத்தான் மாதாவ வரவேற்கணும், வழக்கத்த மாத்த முடியாது" என்று தலைவரிடமிருந்து பதில் வந்தது.

இறக்கைதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கனமில்லாமல் தெர்மோக்கோலில் செய்தேன். எலாஸ்டிக் வைத்தேன், பஞ்சு வைத்துப் பட்டி தைத்தேன், உடுப்போடு சேர்த்தே தைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஜெனி துடித்துப்போய் முதுகைச் சுவரில் தேய்த்தாள். திருநாளுக்கு முந்தின நாள் அக்கா, "போதும், விட்டுரு. பிள்ளையப் போட்டு வதைக்க வேணாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் நடந்ததெல்லாம் வீண்தானே என்று நினைத்தேன். அக்கா இறக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, "ரிப்பன் நீளமா இருந்தா ஒரு ரெண்டு மொழம் குடு" என்று வாங்கிப் போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கோயில் வாசலில் நல்ல கூட்டம். சம்மனசுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எல்லா உடுப்பும் நான் தைத்தவை. தெருவில் அக்கா வீட்டுக் கதவு திறந்தது. ஜெனி தையல் வெளியே தெரியும் வெள்ளைக் கவுனும், காதில் நீலக் கிண்ணங்களுமாக வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தார். நல்ல நாளுக்கு உடுத்துகிற மெரூன் சேலை. முதுகில், நான் ஜெனிக்கென்று செய்த இறக்கை. ரிப்பனைத் தோள் வழியாகப் போட்டு நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த அகன்ற முதுகில் இறக்கை சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வாசல் முழுக்கச் சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கா எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. நேராகப் போய் வரிசையில் நின்றார்.

தலைவர் வேகமாக வந்தார். "என்ன கோலம் இது?"

"சம்மனசு வரிசைக்கு இறக்கை வேணும்னீகள்ல மாமா. இருக்கு."

"பிள்ளைக்கில்ல சொன்னேன்!"

"பிள்ள எங்கூடத்தான வருது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சோடி போதும்."

"கேலி பண்றியா? திருநாளக் கேலிக்கூத்தாக்குறியா?"

"நான் கேலி பண்ணல. சிரிக்கிறவகளக் கேளுங்க."

சிரிப்பு அடங்கியது. சாமியார் ஜெபப் புத்தகத்தோடு படியில் நின்றுகொண்டிருந்தார். தலைவர் அவரைப் பார்த்தார். சாமியார் அக்காவின் இறக்கையையும் ஜெனியின் நீலக் கிண்ணங்களையும் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, கிளம்புங்க" என்று மட்டும் சொன்னார்.

பேண்டு அடித்தது. ஜெனியின் தோள்கள் ஒரு தரம் தூக்கிப்போட்டன. அக்கா குனிந்து எதையோ சொன்னார். இரண்டு பேரும் நடந்தார்கள். பூத் தூவச் சொன்னால் ஜெனி தூவவில்லை. ஒவ்வொரு இதழாக எடுத்து, விரலில் உருட்டிப் பார்த்து, பிறகு விட்டாள். தண்ணித் தொட்டி தாண்டியது. பால் சொசைட்டி தாண்டியது. நான் கூட்டத்தோடு பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தேன்.

முச்சந்தியில் சிவப்புச் சரவெடியைத் தெரு நீளத்துக்கு விரித்திருந்தார்கள். ஒரு பையன் ஊதுபத்தியோடு தயாராக நின்றான். அக்கா ஜெனியின் கையை என்னிடம் கொடுத்தார். "விட்டுறாத" என்றார். முன்னால் போய் அந்தச் சரவெடியின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

பேண்டு நின்றது. வரிசை நின்றது. பின்னால் சப்பரமும் நின்றது.

"ஆத்தா, ஓரமாப் போ!" தலைவர் கத்தினார்.

"பிள்ளைக இந்த எடத்தத் தாண்டுற வரைக்கும் போக மாட்டேன்."

"வெடிய வைக்கச் சொல்லவா?"

"வைக்கச் சொல்லுங்க. என் காலுக்கடியிலதான கெடக்கு."

ஊதுபத்தி வைத்திருந்த பையன் அதைக் கீழே போட்டு மிதித்துவிட்டான். ஆளாளுக்குப் பேசினார்கள். பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது என்று ஒரு குரல். பாதி வழியில் மாதாவை நிறுத்துவது பாவம் என்று ஒரு குரல். காற்றில்லாமலே அக்காவின் சேலைக் கரை ஆடிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. என் கைக்குள் ஜெனியின் விரல்கள் வேர்த்திருந்தன. அவளோ சரவெடியின் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சப்பரத்தின் முன்தண்டைப் பிடித்திருந்தவர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். போன வருசம் முட்டி பெயர விழுந்தாரே, அவர்தான்.

"ஏலே, வெடிய அள்ளிட்டுப் போயிப் பின்னாடி போடுங்கடா. தோளு இத்துப் போகுது."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லப்பா" என்றார் தலைவர்.

"அப்ப வழக்கத்த நீங்க வந்து தூக்குங்க. நாங்க நின்னு வெடி பாக்குறோம்."

தண்டு பிடித்த மற்றவர்களும் கூடவே கத்தினார்கள். யாருக்கும் ஜெனி மேல் இரக்கம் என்று நான் நினைக்கவில்லை. நிஜமாகவே தோள் வலித்திருக்கும். பையன்கள் அக்காவைப் பார்த்தார்கள். அவர் காலைத் தூக்கியதும் சரவெடியைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நாங்கள் முச்சந்தியைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, தூரத்தில் படபடவென்று கேட்டது. ஜெனி நின்று, காதுக் கிண்ணங்களை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். ஓடவில்லை.

முழுக்க நடந்து முடித்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பிள்ளையார் கோயில் தெரு பாதியில் அவள் நடுத் தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. முடிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. "தூக்கிட்டுப் போ" என்றார்கள். தூக்கினால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இறக்கையின் ஒரு நுனி ஒடிந்து தரையில் மடங்கியது.

பேண்டுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து போனார்கள். சம்மனசுப் பிள்ளைகள் பிரிந்து போனார்கள். சப்பரம் நெருங்கி வந்தது. "சுத்திப் போங்கடா, மெதுவா" என்றார் முன்தண்டுக்காரர். அந்தக் குறுகின தெருவில், சுவரை உரசிக்கொண்டு, மாதா அவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள். மாடியிலிருந்து எறிந்த உப்பும் மிளகும் இரண்டு பேர் தலையிலும் கொட்டின. ஜெனி அண்ணாந்து பார்த்தாள். சப்பரத்தின் ஜிகினாத் தோரணம் சாயங்கால வெயிலில் திரும்பித் திரும்பி மின்னியது. அவள் கைகள் இரண்டும் தோளுக்கு மேலே போய்ப் படபடத்தன. சந்தோசம் வந்தால் அவள் அப்படித்தான் செய்வாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் உப்பு.

கூட்டம் போன பிறகு ஜெனி தானாக எழுந்தாள். எல்லோருக்கும் கடைசியாக, நாங்கள் மூன்று பேரும் கோயில் போய்ச் சேர்ந்தோம். தலைவர் அன்றைக்குப் பேசவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் மாற்றலாகித் தேனிக்கு வரும்வரை, அவர் அக்காவோடு பேசி நான் பார்க்கவில்லை. அக்காவும் போய்ப் பேசவில்லை. இப்போது ஜெனி உயரமாக வளர்ந்துவிட்டாள், பெரியகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்று கேள்வி.

திருநாளுக்கு மறுநாள் காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஜெனியின் கவுனில் கிழிந்திருந்த ஒரு இடத்தை அங்கேயே உட்கார்ந்து ஊசியால் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பிள்ளையார் கோயில் தெருவில் ஓட்டு வீட்டுக்காரர். அக்காவுக்கு அவரைத் தெரியும், எனக்கும் தெரியும். என்னிடம் ஜாக்கெட் தைக்க வருவார். ஆனால் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற பெண் பிள்ளையை நாங்கள் பார்த்ததே இல்லை. பதினாலு வயதிருக்கும். வெயில் படாத வெளுத்த முகம். எங்களைப் பார்க்காமல், கதவின் கொண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் மக" என்றார் அந்தப் பெண்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். ஒரே ஊர், பக்கத்துத் தெரு. அந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பது அவருக்கே தெரியவில்லை.

"நேத்து சன்னல் வழியா உங்களப் பாத்தா. நீங்க நடுத் தெருவுல உக்காந்திருந்தீகள்ல. ராத்திரி பூரா சன்னல விட்டு வரல." அவர் குரல் இறங்கியது. "அடுத்த வருசம் இவளையும் உங்க கூடக் கூட்டிட்டுப் போவீகளா?"

அக்கா அந்தப் பெண் பிள்ளையைப் பார்த்தார். அவளுடைய விரல்கள் முந்தானை நுனியை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டிருந்தன. அக்கா கிட்டே போகவில்லை, தொடவில்லை. இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு அவளிடமே சொன்னார்: "ஆத்தா, சாயங்காலம் கோயில்ல திருநாள் கொடி எறக்குவாக. மணி அடிப்பாக. பெரிய மணி. கொஞ்ச நேரந்தான் அடிக்கும், அப்புறம் நின்னுரும்."

பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

"அடுத்த வருசம் வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே போவோம்."

அந்தப் பெண் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி. தலை சீவிக் கூட்டிட்டு வாரேன்" என்றார்.